மூன்று மிஸ்டு கால் தூரத்தில் ஸ்டெல்லா

எந்த நாட்டுக்கு எந்த பேக், எந்தப் போனில் இ-சிம் ஏறும், எதில் ஏறாது என்பதையெல்லாம் நம் போன் கம்பெனிக் கடைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. நான் ஓய்வுபெற்று ஒரு கோடைதான் ஆகிறது, அதற்குள் பாதி பேக்குகளின் பெயரே மாறிவிட்டது. நான் எழுத வந்தது வேறு விஷயம். குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் கவுண்டரில் சாய்ந்து நின்று, "இருக்கறதுலயே கம்மியா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கும்போது நீங்கள் எதை யோசிக்க வேண்டும் என்பது. அதை எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு புதன்கிழமை மதியம்.

புதனா செவ்வாயா என்று பிரேமாவுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு. பிரேமாவை உங்களுக்குத் தெரியும், இப்போது ஒரகடம் கடையைப் பார்த்துக்கொள்கிறவர்தான். அப்போது இருங்காட்டுக்கோட்டையில் என்னோடு கவுண்டரில் இருந்தார். செவ்வாய் என்பது அவர் கட்சி. எதிரே இருக்கும் கம்பெனிக்கு வார விடுமுறை செவ்வாய். செவ்வாயன்று கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. நான் சொல்லும் மதியத்தில் எங்களைத் தவிரக் கடையில் இருந்தவர், போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்த ஆட்டோக்காரர் முனுசாமி ஒருவர்தான். ஆகவே புதன். மலேசியாவுக்கு நமக்கு விசா வேண்டாம் என்று ஆன பிறகு வந்த முதல் கோடை, அக்னி நட்சத்திரம் முடியவிருந்த வாரம்.

அந்தக் கோடையில்தான் நம் கவுண்டரின் முகமே மாறியது. அதுவரை ரீசார்ஜுக்கும் ஹெட்போனுக்கும் வந்துகொண்டிருந்த கம்பெனி ஆட்கள் பாஸ்போர்ட்டோடு வர ஆரம்பித்தார்கள். கடல் தாண்டிப் போனவர்கள் எழுதிய பழைய கடிதங்களைப் படிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. மலேயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி வீட்டுக்கு வர ஒரு பருவமே ஆகும். இங்கே என் எதிரில் நின்றவர்களோ, அங்கே இறங்கிய நிமிடமே வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒரு ஜோடி செல்வமும் ஸ்டெல்லாவும். செல்வம் திருச்செந்தூர்ப் பக்கம். கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஸ்டெல்லா வல்லம் வடகால் பெண். போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்கு முன் ஷிப்ட் வசதிக்காக அந்தக் கம்பெனியின் ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்து எங்கள் வாடிக்கையாளர். ஜெனிபர், மெர்லின் என்று இரண்டு பெண்கள், இருவரும் பள்ளியில். வீட்டு மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய குடும்பம். இந்தத் தடவை மேலேயிருந்து கீழே பார்ப்பது என்று முடிவு செய்திருந்தார்கள்.

செல்வம் திட்டத்தோடுதான் வந்தார்.

"அண்ணாச்சி, நாலு பேருக்கு நாலு சிம்மு எதுக்கு? அங்க எறங்குனதும் ஒரே ஒரு லோக்கல் சிம் வாங்கி என் போன்ல போட்டுருவேன். ஹாட்ஸ்பாட்ட ஆன் பண்ணிட்டா எல்லாரும் என் நெட்டுல ஓடுவாவ. எப்படி?"

"இவுரு நடமாடும் டவர் ஆவப்போறாராம்ணே," என்றார் ஸ்டெல்லா.

"டவர்னா ஒரே எடத்துல நிக்கும். நான் உங்க கூடவேல்லா வருவேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதைவிட மலிவான வழி கிடையாது. பிரேமா பாராட்டினார், நானும் தலையாட்டினேன். செல்வத்தின் போனில் இரண்டாவது சிம் இடத்தில் மெமரி கார்டு இருந்தது. நம்மூர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டுத்தான் அங்கத்திய சிம்மைப் போட முடியும். வாட்ஸப் பழைய நம்பரிலேயே ஓடும் என்பதால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் செய்தேன். பேங்க் கணக்கு ஸ்டெல்லாவின் நம்பரில் இருந்தது. ஓடிபி வர வேண்டும். அதனால் அவர் சிம்மைக் கழற்றாமல், பேக் எதுவும் போடாமல், ரோமிங்கை மட்டும் திறந்து, டேட்டாவை மூடி அனுப்பினேன். வரும் எஸ்.எம்.எஸ்ஸுக்குக் காசில்லை. பேசினால்தான் போகும்.

"போனை எடுத்துடாதம்மா. எடுத்தா நிமிஷத்துல பேலன்ஸ் காலி."

"நான் எந்தக் காலத்துலண்ணே எடுத்து பேசிக்கீறேன்? மிஸ்டு கால்லியே குடும்பம் நடத்தறவ நானு," என்றார்.

அது உண்மை. ஹாஸ்டல் காலத்துப் பழக்கம் ஒன்று இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்துவிட்டேன் என்பதற்கு வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால், திருப்பிக் கூப்பிடு என்பதற்கு இரண்டு. பேச்சுக்குத் தனியாகக் காசில்லை என்று ஆன பிறகும் பலர் அதை விடவில்லை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டெல்லா செல்வத்துக்கு ஒரு மணி அடிப்பார், அங்கே குக்கர் அடுப்பில் ஏறும். எனக்கு முன் நம் கவுண்டரில் இருந்தவர், கடைப் போன் அடித்தால் உடனே எடுக்கவே மாட்டார். "புள்ளைங்க சும்மா ரிங் மட்டும் குடுக்கும். நீ பாஞ்சு எடுத்தா அதுங்க காசு போயிடும்" என்பார். அவரிடம் கற்றது அந்தப் பொறுமை. அது பிற்காலத்தில் எதற்கு உதவும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தப் புதனன்று எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். மலேசியாவில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அது கடைசி நாள், இரவு விமானத்தில் திரும்ப வேண்டும். கடைப் போன் அடித்தது, நின்றது. ஸ்டெல்லா நம்பர். "விமானத்துக்குக் கிளம்பிட்டாங்க போல" என்றார் பிரேமா. மறுபடி அடித்தது, நின்றது. உடனே மறுபடியும்.

பிரேமா ரிசீவரை நோக்கிக் கையை நீட்டினார்.

"எடுக்காதே."

"சார், ஏதோ பிரச்சினை சார்."

"அதனாலதான் சொல்றேன்."

கண்ணாடிக்குக் காத்திருந்த முனுசாமிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், அந்தப் பொண்ணு கூப்ட்டுக்கினே கீது, நீ போனை வேடிக்கை பாத்துக்கினு கீற?"

எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழுகை, இரைச்சல், பாதி வாக்கியம். அதோடு பேலன்ஸ் தீர்ந்து, அதற்குப் பிறகு அவரால் மணிகூட அடிக்க முடியாது. நாம் கூப்பிட்டு அவர் எடுத்தாலும் அதே கதிதான். நம்மிடம் இருந்தது ஒன்றுதான்: நாம் அனுப்பும் எஸ்.எம்.எஸ் அவருக்குக் காசில்லாமல் போகும். அவர் அடிக்கும் மணி நமக்குக் காசில்லாமல் வரும். கேள்வி நம்முடையது, மணி அவருடையது. அவ்வளவு போதும் என்று எனக்குத் தோன்றியது.

பிரேமா, "நான் ரோமிங் பேக் போட்டுவிடறேன் சார்" என்றார். போடச் சொன்னேன், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம் என்றேன். போட்டார். விரைவில் செயல்பாட்டுக்கு வரும் என்று பதில் வந்தது. அந்த விரைவு எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

என் போனில் முதல் கேள்வியை அடித்தேன். "ஸ்டெல்லா, போனை எடுக்க மாட்டோம். மணி அடித்துப் பதில் சொல். பிள்ளைகள் இரண்டு பேரும் உன்னோடு இருக்கிறார்களா? ஆம் என்றால் ஒரு மணி."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மணி. நின்றது. மறுபடி அடிக்கவில்லை.

"உசுரு வந்துச்சு," என்றார் முனுசாமி. ஸ்டூலை இழுத்து நன்றாக உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை மறந்துவிட்டார்.

பிள்ளைகள் அவரோடு இருந்தால் அவரோடு இல்லாதவர் செல்வம். பிரேமா தன் போனிலிருந்து வாட்ஸப்பில் செல்வத்தைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, அண்ணாச்சிட்ட குடு! பிள்ளையளக் காணும் அண்ணாச்சி. ஸ்டெல்லாவயும் காணும். பாஸ்போர்ட்டு, பணம் எல்லாம் என்ட்டல்லா இருக்கு."

நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் அந்த ஊர் ரயில். ஸ்டேஷனில் நல்ல கூட்டம். ரயில் வந்து கதவு திறந்ததும் செல்வம், இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் பாய்ந்து ஏறியிருக்கிறார். எதற்கு? சீட் பிடிக்க. இந்தச் சாலையில் பஸ் ஏறுகிற எவரும் அதைத்தான் செய்வோம். ஒருவர் முண்டியடித்து ஏறிப் பையைப் போட்டு இடம் பிடிப்பார், குடும்பம் பின்னால் நிதானமாக ஏறும், கண்டக்டர் அதுவரை விசில் கொடுக்க மாட்டார். அந்த ரயிலில் கண்டக்டர் இல்லை. பையைச் சீட்டில் வைத்துவிட்டு இவர் திரும்பிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது.

கண்ணாடி வழியாகக் கையை ஆட்டி "அங்கேயே நில்" என்று காட்டினாராம். ஸ்டெல்லாவுக்கு அது "அடுத்ததில் வா" என்று தெரிந்திருக்கிறது; அவர் பக்கத்துக் கதை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. செல்வம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். ஸ்டெல்லா பிள்ளைகளோடு அடுத்த ரயிலில் ஏறி அவரைத் தேடிப் போனார். இரண்டு ரயிலும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. கூடவே செல்வத்தின் ஹாட்ஸ்பாட்டும் போய்விட்டது. நடமாடும் டவர் நடந்துவிட்டது.

"இனி ஒவ்வொரு ஸ்டேஷனா எறங்கித் தேடப்போறேன் அண்ணாச்சி."

"செல்வம், நீ உட்காரு."

"ஒக்காரவா? பிள்ளையளக் காணும்ங்கேன், ஒக்காரச் சொல்லுதிய."

"நீ ஓடினா நான் ரெண்டு பேரைத் தேடணும். உட்கார்ந்தா ஒருத்தரைத் தேடினாப் போதும். பிள்ளைங்க ஸ்டெல்லாவோட பத்திரமா இருக்காங்க. அது தெரிஞ்சாச்சு. உட்காரு."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் அவர் மூச்சு இறங்கியது. உட்கார்ந்துவிட்டேன் என்றார். பிரேமா அழைப்பைத் துண்டிக்காமல் பிடித்துக்கொண்டார்.

அடுத்த எஸ்.எம்.எஸ்: "செல்வம் பிரிந்த ஸ்டேஷனிலேயே இருக்கிறார். நீயும் அங்கேயே என்றால் ஒரு மணி. வேறு ஸ்டேஷன் என்றால் இரண்டு."

இரண்டு மணி வந்தது.

"அங்கிருந்து எத்தனையாவது ஸ்டேஷன்? அத்தனை மணி."

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு போனைச் சுற்றி மூன்று பேர் நிற்பது எப்படியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்று. முனுசாமி விரலை மடக்கினார். இரண்டு. இன்னொரு விரல். நடுவில் ஒரு பையன் சார்ஜர் கேட்டு உள்ளே வந்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்த பார்வையில் வெளியே போய் நின்றுகொண்டான். மூன்று. பிறகு அமைதி.

"நாலாவது வருதா பாரு," என்றார் முனுசாமி கிசுகிசுப்பாக.

வரவில்லை.

மூணாவது ஸ்டேஷன் என்று பிரேமா செல்வத்திடம் போனில் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த மதியத்தில் நான் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது அதுதான். மூன்று என்பது உண்மையிலேயே மூன்றா, அல்லது நான்காவது மணிக்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டதா? நாள் முழுக்கப் படம் எடுத்த போன் அது. தவறான ஸ்டேஷனுக்கு அவரை அனுப்பினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"மூன்று என்று எண்ணினோம். சரியென்றால் ஒரு மணி."

முனுசாமி கும்பிட்டாரா, கையைக் கட்டிக்கொண்டாரா, நினைவில்லை. பிரேமா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஒரே ஒரு முறை. நின்றது.

அதற்குப் பிறகுதான் செல்வத்தை எழுந்திருக்கச் சொன்னேன். ஸ்டெல்லாவுக்குக் கடைசி செய்தி: "பிளாட்பாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார். செல்வம் வருகிறார். அவர் ரயிலுக்குள்ளிருந்து எப்படிக் கையை ஆட்டினாலும் நீ எந்த ரயிலிலும் ஏறாதே." பதிலுக்கு ஒரு மணி வந்தது. அந்த மணியில் ஒரு சிரிப்பு இருந்ததாகப் பிரேமா இன்றும் சொல்கிறார்.

செல்வம் ரயில் ஏறினார். சுரங்கத்துக்குள் போனதும் அழைப்பு அறுந்துவிட்டது. முனுசாமி வெளியே போய் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார், சார்ஜர் கேட்ட பையனுக்கும் சேர்த்து. டீ பாதி குடித்திருப்போம், பிரேமாவின் போனில் வீடியோ கால் வந்தது.

முதலில் தெரிந்தது மெர்லினின் முகம். வாய் நிறைய முறுக்கு. அடுத்து ஸ்டெல்லா. கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் வழக்கமான குரல்.

"அண்ணே, வந்துட்டாரு. சீட்டு புடிச்சியான்னு கேட்டேன், பின்னால போய் ஒளிஞ்சிக்கினாரு."

"எல்லாருக்கும் நிக்க எடம் இருந்துச்சு அண்ணாச்சி, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றது பின்னாலிருந்து செல்வத்தின் குரல்.

"பாப்பா என்ன சாப்பிடுது?" என்று பிரேமா கேட்டார்.

"முறுக்குக்கா. பக்கத்துல ஒரு அண்ணன் குடுத்தாரு. நம்ம ஆளுதான், தமிழு. சொந்த ஊரு இங்க ஈப்போவாம்."

போன் திரும்பியது. பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், மடியில் தின்பண்டப் பையோடு, எங்களைப் பார்த்துக் கையசைத்தார். "வணக்கம்ங்க," என்றார். நல்ல தமிழ்.

முனுசாமி என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினார். "யம்மா, இவ்ளோ நேரம் தமிழாளு பக்கத்துலயே குந்திக்கினு கீறாரு. அவுர் போன்ல பேசினா ஆவாதா? நாங்க இங்க வெரலை மடக்கிக்கினு கீறோம்."

"அவுரு கேட்டாருண்ணே, நம்பர் குடுங்க தங்கச்சி, பேசுங்கன்னு. இவுரோட புது நம்பர் எனக்கு இன்னா தெரியும்? வாங்கின அன்னிலேர்ந்து எல்லாம் வாட்ஸப்புலதான. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உங்க கடை நம்பரு ஒண்ணுதான், போர்டுல பாத்துப் பாத்து. இந்தியாவுக்குப் போட்டா அவுருக்குக் காசு ஆவும்ல? அதான் வேணாம்னுட்டு நானே மணி அடிச்சேன்."

"எஸ்.எம்.எஸ் போட்டிருக்கலாமே?"

"போட்டேன், ரெண்டு தபா செவப்பு குறி காட்டிச்சு. வுடுண்ணே, மணியே போதும்."

ஈப்போக்காரர் இதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நடந்ததைப் பிரேமா வாசலுக்குப் போய்ச் சொல்ல, சார்ஜர் பையனும் சிரித்தான். அவர்கள் விமானத்தைப் பிடித்தார்கள், நேரம் மிச்சம் வைத்தே. பிரேமா போட்ட ரோமிங் பேக், அவர்கள் சென்னையில் இறங்கியபோது செயல்பாட்டுக்கு வந்து, இனிய பயணத்துக்கு வாழ்த்தியது.

பிறகு பல நாள் யோசித்தேன். செல்வத்தின் திட்டத்தில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. நாலு பேரும் ஒன்றாக இருக்கும்வரை அதைவிடச் சிக்கனமானது கிடையாது. ஆனால் ஒன்றாக இருக்கும்போது அவர்களுக்குப் போனே தேவையில்லையே, பேசிக்கொள்ளலாமே. பிரிந்த நிமிடத்தில்தான் போன் வேண்டும். அந்த நிமிடத்தில் வேலை செய்யாத ஒன்றை நாங்கள் மலிவு என்று பாராட்டியிருந்தோம்.

அதனால் யார் வந்தாலும் நான் இப்படித்தான் சொல்லி அனுப்பினேன். டேட்டாவுக்கு ஒரு சிம், அதை எத்தனை பேர் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளுங்கள். கூடவே பேசுவதற்கு மட்டும், இருப்பதிலேயே சின்னதாக, இன்னொரு ஆளிடம் இன்னொரு சிம். போனில் இ-சிம் ஏறுமென்றால் இங்கிருந்தே போட்டுக்கொள்ளுங்கள், நம்மூர் சிம்மைக் கழற்ற வேண்டியிருக்காது. புது நம்பரை வாங்கிய இடத்திலேயே எல்லோர் போனிலும் பதியுங்கள். பிள்ளைகளின் சட்டைப் பையில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். பிரிந்துவிட்டால் யார் நிற்பது, யார் தேடி வருவது என்பதை விமானம் ஏறும் முன் பேசி முடிவுசெய்யுங்கள். இத்தனைக்கும் ஆகும் கூடுதல் செலவு அங்கே ஒரு வேளை டீ, பலகாரத்துக்கு ஆகிறதுதான்.

ஆனால் இவ்வளவையும் கவுண்டரில் நின்று ஒப்பிக்காதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள், விலையைத்தான் கேட்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன். குடும்பமாக வந்து நிற்கும்போது, பிளான் அட்டையை எடுப்பதற்கு முன், சாதாரணமாகக் கேட்பேன்: "உங்கள்ல யாருங்க தொலைஞ்சு போவாங்க?"

ஒரு நொடி விழிப்பார்கள். அப்புறம் சிரிப்பு வரும். தண்டலத்திலிருந்து தாய்லாந்து கிளம்பிய ஒரு குடும்பத்தில், மனைவி, மகன், மாமியார் மூன்று பேர் விரலும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் பக்கம் திரும்பியது. சுட்டிக்காட்டப்பட்டவர் காலேஜில் பேராசிரியர். கோபப்படவில்லை; அவரும் தன் விரலால் தன்னையே காட்டினார்.

முதல் சிம் அவர் போனில் போட்டேன்.